ஊரக் கூடாது

சரசு அக்காவைப் பற்றி எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான். டாக்டர் சொன்னதைக் கேட்டிருந்தால் இன்றைக்கு ஓடியாடிக்கொண்டு இருப்பாள், தன் கையால் தன் காலைக் கெடுத்துக்கொண்டாள் என்பார்கள். மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு சேதி தமிழில் கிளம்பினால் கன்னடத்தில் தெருமுனையைத் தொட்டு உருதுவில் திரும்பி வரும். இந்தச் சேதி மூன்றிலும் சுற்றியது. சுற்றவிட்டவர்களில் நானும் ஒருத்தி. என் நாக்கை இழுத்துவைத்து அறுத்தாலும் தகும்.

என் பெயர் மகேஸ்வரி. அக்காவுக்கு நான் சொந்தக்காரி இல்லை, கூட வேலை செய்தவள். ஜடையன் அண்ணனின் சமையல் கூட்டத்தில் பதினாறு வருடம் நாங்கள் இருவரும் ஜோடி. கல்யாண மண்டபங்களில் ஒப்பட்டு, அதாவது போளி, போடுவது எங்கள் பொறுப்பு. மைசூரில் மணமகன் இல்லாமல்கூடக் கல்யாணம் நடத்திவிடலாம், இலையில் ஒப்பட்டு இல்லாமல் நடத்த முடியாது. நான் உட்கார்ந்து பூரணத்தை உருட்டி மாவுக்குள் வைத்துக் கொடுப்பேன். அக்கா நின்றபடி எண்ணெய் தொட்டுத் தட்டிக் கல்லில் போட்டு எடுப்பாள். ஓரம் கிழியாது, பூரணம் எட்டிப் பார்க்காது. ஒரு முகூர்த்தத்துக்கு ஆயிரம் ஒப்பட்டு என்றாலும் முகம் சுளிக்கமாட்டாள். நின்றுகொண்டே செய்யும் வேலை அது. காலில்தான் அந்தத் தொழில் நிற்கிறது.

அவள் ஹனூர்ப் பக்கத்துக்காரி. பத்தொன்பது வயதில் சென்னப்பனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். அவர் மண்டியில் மூட்டை தூக்கியவர். மகன் தீபக் எட்டாம் வகுப்பு படிக்கும்போது நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது, பையன் படித்தது, அவனுக்கு இருசக்கர வண்டி ஷோரூமில் வேலை கிடைத்தது, அஷ்வினியைக் கட்டிவைத்தது எல்லாமே அக்காவின் இரண்டு காலால்தான். இதை நான் அவளுக்காகச் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் மறந்துவிட்டதால் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லியாகவேண்டும். தீபக் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு வருடம் காவேரித் தண்ணீருக்காக ஊரே கொதித்தது. எங்கள் சந்து முனையில் தமிழில் பெயர் எழுதிய ஒரு கடைப் பலகையை உடைத்துப் போட்டார்கள். அன்றைக்கு அக்கா கதவைச் சாத்திவிட்டுப் பையனின் வாயைக் கையால் பொத்தி, "கண்ணு, வாசப்படி தாண்டினா தமிழ் பேசப்படாது, தெரிஞ்சுதா?" என்றாள். அவன் சொன்ன பேச்சுக் கேட்கிற பையன். வாசலுக்கு வெளியே விட்ட தமிழ் கொஞ்ச நாளில் உள்ளேயும் வராமல் போய்விட்டது. இப்போது அவன் பேசும் தமிழ் எப்படி என்றால், சொல் கன்னடம், வால் மட்டும் தமிழ். "நான் பேட்டைக்கு ஹோகிட்டு வர்றேம்மா" என்பான், போய்விட்டு வருகிறானாம். கேட்டுக் கேட்டு அதுவும் ஒரு தமிழ் என்று எங்களுக்குப் பழகிவிட்டது. சிரிப்பதைக்கூட விட்டுவிட்டோம்.

போன தசராக் கூட்டம் கலைந்த மறு வாரம், பக்கத்து வீட்டுக்காரன் ஸ்கூட்டர் கழுவிய சோப்புத் தண்ணீரில் அக்கா கால் வைத்தாள். இடது கணுக்கால் திரும்பி இரண்டு இடத்தில் முறிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பிளேட்டும் ஸ்குரூவும் வைத்துத் தைத்து, முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு, நாலாம் நாள் அனுப்பினார்கள். அன்றைக்கு எனக்கு மண்டப வேலை, போக முடியவில்லை. டாக்டர் தன் அறையில் வைத்துத் தீபக்கிடம் எல்லாம் கன்னடத்தில் சொன்னார். அக்கா வெளியே தள்ளு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தீபக் வந்து அவளிடம் தமிழில் சொன்னான்.

"ஆறு வாரம் காலு ஊரக் கூடாதாம்மா. டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார்."

"சரிடா கண்ணு."

ஆட்டோவில் ஏறும்போது இன்னொரு தடவை சொன்னான். வீட்டில் படுக்க வைத்தபோதும் சொன்னான். அவள் மூன்று தடவையும் தலையாட்டினாள். ஆஸ்பத்திரிக் காகிதம் மூன்று பக்கம், எல்லாம் இங்கிலீஷ். அது ஃப்ரிட்ஜ் மேல் மாத்திரை டப்பாவுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

படுத்த படுக்கை என்று வாயால் சொல்வது சுலபம். அக்காவுக்குக் கொடுத்த இடம் முன்னறையில் ஜன்னலோரக் கட்டில். ஜன்னல் சந்துக்குச் சரிசமமாக இருக்கும், போகிறவர் வருகிறவர் எல்லோரும் எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை விசாரிப்பார்கள். ஆட்டுக்கால் சூப் வைத்துக் குடி என்பார் ஒருவர், பிரண்டையை நெய்யில் வதக்கித் துவையல் அரை என்பார் இன்னொருவர். அரைப்பது யார்? எட்டரைக்கு அஷ்வினி சேலைக் கடை வேலைக்குக் கிளம்பிவிடுவாள். ஒன்பதுக்குத் தீபக் கிளம்புவான். தலைமாட்டில் ஃப்ளாஸ்க், டிபன் டப்பா, டிவி ரிமோட், செல்போன். சாயங்காலம் ஏழு மணி வரை அந்த வீட்டில் அவளும் சுவர்க் கடிகாரமும்தான். மாவுக்கட்டுக்குள் அரிக்கும், விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி உள்ளே விட்டுச் சொறிந்துகொள்வாள். கக்கூஸ் வெளியே, மூன்று படி இறங்கவேண்டும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். ஆயிரம் பேருக்கு இலை போட்டவள் அரை டம்ளர் தண்ணீருக்குக் கணக்குப் பார்த்தாள்.

பத்து நாள் பொறுத்தாள். அப்புறம் வாக்கரைப் பிடித்து எழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து நடக்கக் காட்டித்தான் இருக்கிறாள். புதுக் கட்டு, வலிக்கும், அதனால் இப்போதைக்கு அப்படி என்று அக்கா எடுத்துக்கொண்டாள். ஒருநாள் மத்தியானம் நான் போனபோது அடுப்படியில் இரண்டு காலிலும் நின்று ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். இடது காலில் மாவுக்கட்டுக்கு மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. மேலே இரண்டு ரப்பர் பேண்டு.

"என்னக்கா இது கோலம்? எந்திரிச்சு நிக்கறே?"

"ஈரம் படாம இருந்தாப் போதும் மகேசு. தண்ணி ஆகாதுன்னுதான் சொல்லியிருக்காங்க. நானும் ஒரு சொட்டு படவிடாமப் பாத்துக்கறேன். குளிக்கறப்ப ரெண்டு பை கட்டறேன்."

"வலிக்கலயா?"

"வலிக்காம? முறிஞ்ச காலு இனிக்குமா? நடந்தாத்தான் இறுகாம இருக்கும். தையில முகூர்த்தம் வந்துருமில்ல, அதுக்குள்ள நான் கல்லுக்கிட்ட நிக்கோணும்."

அவள் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மாவுக்கட்டு நனையக் கூடாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அவள் கையால் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அவளை நிற்கவைத்து நான் உட்கார்ந்து சாப்பிட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

நாலாவது வாரம் கணுக்கால் பக்கம் வீங்கி ராத்திரியெல்லாம் காய்ச்சல். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் ஸ்குரூ உடைந்து, பிளேட் வளைந்து, ஒட்டிக்கொண்டிருந்த எலும்பு நகர்ந்திருந்தது. டாக்டர் கத்தியிருக்கிறார், நடக்கக் கூடாது என்று சொன்னேனே, எதற்கு நடந்தீர்கள் என்று. தீபக் முகம் சிவந்துபோய் அம்மா பக்கம் திரும்பினான்.

"நான் மூணு தடவை சொன்னேன்ல? நடக்கக் கூடாதுன்னு மூணு தடவை சொன்னேன்ல?"

"நீ அப்பிடிச் சொல்லலயேடா கண்ணு. தண்ணிதான் ஆகாதுன்னு..."

"தண்ணியா? நான் யாவாகம்மா தண்ணின்னு சொன்னேன்?"

எப்போது சொன்னேன் என்கிறான். அவனுக்குத் தான் சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. அவளுக்குத் தான் மூன்று தடவை தலையாட்டியது ஞாபகம் இருந்தது. இடுப்பிலிருந்து எலும்பு எடுத்துவைத்து மறுபடி ஆபரேஷன் செய்தார்கள். இனிமேல் கணுக்கால் முழுதாக மடங்காது, கோல் பிடித்து நடக்கலாம், நெடுநேரம் நிற்கும் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் அவள் இருந்த இருப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. குற்றவாளி போல் கிடந்தாள். "மயக்க மருந்துக் கெறக்கத்துல என் காதுல ஏறாமப் போயிருச்சாட்ட இருக்குது. அவன் படிச்ச பையன், தப்பாச் சொல்லுவானா? என் புத்தியச் செருப்பால அடிக்கோணும்" என்று என்னிடமே பத்துத் தடவை சொல்லியிருப்பாள். இப்போது மூன்று படி இறங்கக்கூட முடியாது. நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி, கீழே பேசின். அதை எடுத்துக் கழுவுகிறவள் அஷ்வினி. குண்டலுபேட்டைப் பெண், தமிழ் வராது, ஆனால் கழுவும்போது முகம் சுளித்ததில்லை, அதை நான் மறைக்கமாட்டேன். சுளிக்காத முகத்தோடு செல்போனில் தன் அம்மாவிடம், எங்கள் அத்தை பிடிவாதம் பிடித்து நடந்தார், இப்போது எல்லோருக்கும் கஷ்டம் என்று கன்னடத்தில் சொல்வாள். அக்காவுக்கு அந்த அளவு கன்னடம் புரியும். காதில் விழாத மாதிரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். சோற்றில் உப்பில்லை என்றாலும் சொல்லமாட்டாள். ஃபேனை நிறுத்தச் சொல்லமாட்டாள். கேட்கிற உரிமையைத் தானே தொலைத்துவிட்டதாக அவள் முடிவு கட்டிவிட்டாள்.

நான் என்ன செய்தேன்? ஆறுதல் சொன்னேனா? இல்லை. அன்றைக்கு என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாளே என்ற கோபத்தில் திட்டித் தீர்த்தேன். "தண்ணி ஆகாதுன்னு எங்கிட்டக் கதை வேற விட்டியே" என்றேன். அதோடு நின்றேனா? ஜடையன் அண்ணன் விசாரித்தபோது, "அவ யாரு பேச்சக் கேட்டா? டாக்டரு சொல்லியும் கேக்காம ஆட்டம் போட்டா, தன் வினை தன்னச் சுடுது" என்று நானே என் வாயால் சொன்னேன்.

அந்த வாய்தான் அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டது. மார்கழிக் கடைசியில் அக்கா என்னிடம் கேட்டாள். "நிக்கத்தானே முடியாது, கையி நல்லாத்தானே இருக்குது. நீ கல்லுக்குப் போ, நான் ஒன் எடத்துல உக்காந்து பூரணம் உருட்டறேன். அண்ணங்கிட்டக் கேட்டுப் பாரு." கேட்கும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, மூன்று மாதத்தில் அதுதான் முதல் தடவை. நான் ஓடினேன். ஜடையன் அண்ணன் கொள்ளேகால்காரர், நிதானமான மனிதர். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்:

"மகேஸ்வரி, கால் போனதப் பத்தி எனக்கொண்ணுமில்ல. உக்காந்து செய்யட்டும். ஆனா நீயேதான சொன்ன, சொன்ன பேச்சு கேக்கமாட்டான்னு. கொதிக்கற எண்ணெச் சட்டி பக்கத்துல அப்பேர்ப்பட்ட ஆள வெச்சு, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா மண்டபத்துக்காரனுக்கு நானில்ல பதில் சொல்லோணும்?"

திரும்பி வந்து, இடம் இல்லையாம் என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன். காரணத்தை அவள் எப்படியோ தெரிந்துகொண்டாள். இந்தச் சந்தில் எந்தச் சேதி மறைந்து நிற்கும்?

தை பாதி போனபிறகு கட்டைப் பிரித்து, நடை பழக்க ஸ்வாதி என்ற பெண்ணை வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வரச் சொன்னார்கள். பிசியோதெரபி படித்த பெண், இருபத்துநாலு வயது இருக்கும், சுத்தக் கன்னடம். முதல் நாள் நானும் இருந்தேன். அவள் அக்காவைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, காலை நீட்டி மடக்கி, விரல்களை அசைக்கச் சொன்னாள். பிறகு வாக்கரை முன்னால் நிறுத்தி, தரையைக் காட்டிச் சிரித்த முகமாகச் சொன்னாள்.

"ஈக காலு ஊரி அம்மா."

'ஈக' என்றால் இப்போது. அது எங்கள் இருவருக்கும் தெரியும். காலு தெரியும். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மகேசு, கால ஊறப்போடச் சொல்றாங்க. சுடுதண்ணி கொஞ்சம் வெச்சுக் கொண்டு வாடி. கல்லுப்பு போடோணுமான்னு கேளு."

நானும் ஒரு மக்கு. எழுந்து போய்த் தண்ணீர் காயவைத்து, ஒரு கை கல்லுப்புப் போட்டு, பேசினில் ஊற்றி இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்தேன். ஸ்வாதி பேசினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். தண்ணீர் எதற்கு என்று கன்னடத்தில் கேட்டாள். பேசினைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, சுடிதாரைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் தன் இடது காலைத் தரையில் பலமாக ஊன்றிக் காட்டினாள். "ஹீகே. ஊரி. ஊரி." இப்படி, இப்படி என்று ஒவ்வொரு தடவையும் பாதத்தை அழுத்தி அழுத்தி வைத்தாள்.

ஊன்றுவதுதான் அவர்கள் மொழியில் ஊருவது. முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் கன்னடத்தில் கடை கண்ணிக்குப் போகிறோம், பஸ் ஏறுகிறோம், சண்டை போடுகிறோம். இந்தச் சொல் காய்கறிக் கடையில் வராது, கால் முறிந்தால்தான் வரும். டாக்டர் ஊரக் கூடாது என்றார். மகன் அந்தக் கன்னடச் சொல்லை அப்படியே எடுத்து, தமிழ் வாலை ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தான். சின்ன ர, பெரிய ற எங்கள் காதுக்கு ஒன்றுதான்; தமிழ்தானே என்று தாய் வாங்கிக்கொண்டாள். தமிழில் கால் எங்கே ஊறும்? தண்ணீரில்தான் ஊறும்.

அக்காவுக்கு எனக்கு முன்னாலேயே உறைத்துவிட்டது.

"அப்ப நான் சொன்ன பேச்சக் கேட்டுத்தான் இருந்திருக்கறேன் மகேசு," என்றாள். "ஒரு சொட்டு படவிடல. ஆறு வாரமும் படவிட்டிருக்கமாட்டேன்."

சொல்லிவிட்டு அழுதாள். இரண்டு ஆபரேஷனுக்கும் அழாதவள். ஸ்வாதி வலி என்று நினைத்துக்கொண்டு பயந்துபோய்க் காலைத் தடவினாள். நான் அந்தப் பேசினைத் தூக்கிச் சந்தில் ஊற்றினேன். ஊற்றியபோது எனக்கு யாரை அடிக்கவேண்டும் என்று தெரியவில்லை. அடிப்பதானால் முதல் அடி எனக்குத்தான்.

நேராக ஜடையன் அண்ணனிடம் போய் முழுக் கதையும் சொன்னேன். அவர் பாக்கை மென்றுகொண்டே கேட்டார்.

"அன்னைக்கு அப்பிடிச் சொன்ன, இன்னைக்கு இப்பிடிச் சொல்ற. நீ அவ கூட்டாளி, சொல்லத்தான் செய்வ. அந்தப் பையன் ஒரு வார்த்தை சொல்லட்டும், தப்பு அவங்கம்மா மேல இல்லேன்னு. ஒரே ஒரு போனு. திங்கக்கெழம மாசி முகூர்த்தத்துக்கு ஆளுப் பிரிக்கறேன், அதுக்குள்ள சொல்லச் சொல்லு. எடம் தர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். தீபக் வீட்டில் இருந்தான். அக்கா தலை வாரி, நல்ல சேலை உடுத்தி, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள். அவளே ஆரம்பித்தாள். ஊறுவது, ஊன்றுவது, பிளாஸ்டிக் பை, ஸ்வாதி, பேசின் என்று ஒன்றுவிடாமல் நிதானமாகச் சொன்னாள். அவன் கேட்டான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சரிம்மா. டாக்டர் ஊரபாரதுன்னார். நான் ஊரக் கூடாதுன்னு சொன்னேன். இதுல தப்பு எல்லி இருக்கு?"

"நீ சொன்னது எனக்கு வேற மாதிரி கேட்டுதுடா. தமிழ்ல அது வேற."

"எப்படி வேற? ஊரக் கூடாதுன்னா ஊரக் கூடாதுதானே?"

எனக்குப் பொறுக்கவில்லை. "டேய், தமிழ்ல ஊறறதுன்னா தண்ணியில கெடக்கறது. உளுந்து ஊறுதில்ல, அரிசி ஊறுதில்ல, அந்த ஊறறது. காலத் தரையில வெக்காதேன்னா ஊன்றாதேன்னு சொல்லோணும்."

"ஆன்ட்டி, நீங்க சும்னே இதுல தலை ஹாக்காதீங்க," என்றான். சும்மா இதில் தலையிடாதீர்கள் என்கிறான், அதுவும் தமிழ் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். என் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, பாழாய்ப்போன சிரிப்பு.

அக்கா கையமர்த்தினாள். "சண்டைக்கு வரலடா. ஜடையண்ணங்கிட்ட ஒரு போன் போடு. எங்கம்மா பேச்சக் கேக்காதவ இல்ல, நான் சொன்ன வார்த்தை தப்பாப் போயிருச்சு, அப்பிடின்னு சொல்லிரு. நாளைக்கு ஆளுப் பிரிக்கறாங்க. உக்காந்து செய்யற வேல. நான் போயிருவேன். ஒங்களுக்கும் பகலெல்லாம் என்னப் பத்தி நெனப்பு இருக்காது."

அடுப்படியிலிருந்து அஷ்வினி எட்டிப் பார்த்தாள். தமிழ் தெரியாதவளுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ஒரு போன்தானே, செய்துவிடுங்களேன் என்று மெல்லக் கன்னடத்தில் சொன்னாள். அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான், அவள் உள்ளே போய்விட்டாள்.

"நான் என்னன்னு சொல்றது? எனக்கு எங்கம்மாகிட்டப் பேசத் தெரியலைன்னா? அவரு நாலு பேர்கிட்ட ஹேளுவார். எல்லாரும் நகுவாங்க. எங்க ஷோரூம் ஓனருக்கும் அவரு பரிச்சயம்," என்றான். நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பார்கள் என்ற பயம் அவனுக்கு. பிறகு குரலைத் தணித்து, "உனக்குப் புரியலைன்னா அன்னைக்கே கேட்டிருக்கணும்மா" என்றான்.

தமிழில் சொன்னது அவனுக்கு எட்டவில்லை என்று அக்கா நினைத்திருக்கவேண்டும். கன்னடத்தில் சொல்லிப் பார்த்தாள். அவளுடைய கன்னடம் வேலைக்காரக் கன்னடம், ஏவல் கேட்கவும் மாவு எங்கே என்று கேட்கவும் பழகியது. தப்பு என்னுடையது இல்லை என்று அதில் சொல்லிப் பழக்கமில்லை. தடுமாறித் தடுமாறி, "தப்பு... நன்னது இல்லா" என்றாள்.

"'நன்னது இல்லா' இல்லம்மா," என்றான் தீபக். "'நந்தல்ல'. தப்பு நந்தல்ல. அப்படிச் சொல்லணும்."

பெற்றவளுக்கு வாக்கியத்தைத் திருத்திக் கொடுத்தான். தப்பு என்னுடையது இல்லை என்று அட்சர சுத்தமாக, அவன் வாயால். நான் அக்காவின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் ஜன்னலைப் பார்த்தேன். அங்கே யாரோ நின்று, இப்போ எப்படி இருக்கு என்று விசாரித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போனார்கள்.

தீபக் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். தோளில் கை போட்டான். அவன் கெட்டவன் இல்லை, அந்த நேரத்தில் அவன் குரலில் பாசம்தான் இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான்.

"ஹோக்லி பிடும்மா," என்றான். போகட்டும் விடு என்று அர்த்தம். "ஆனது ஆகிப்போச்சு. அதுக்கு யாரு என்ன செய்ய முடியும்? நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல."

அக்கா அவன் கையைத் தோளிலிருந்து எடுத்து அவன் மடியிலேயே வைத்தாள்.

"நான் வெச்சுக்குவேன்டா," என்றாள். "சாகற வரைக்கும் வெச்சுக்குவேன்."

அம்மா விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அவன் சிரித்தான். ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டான். ஜடையன் அண்ணனுக்கு யாரும் போன் செய்யவில்லை.